டாக்டர் திருப்பி அனுப்பிய கேரியர்

இதை எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் எங்கள் மெஸ் வாசலில் தொங்கும் சிலேட்டில் அன்றைக்கு என்ன பொரியல், என்ன கூட்டு என்பது மட்டும்தான். அது போக, கட்டிய புருஷனின் சிறுநீரைப் பற்றி ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. படிப்பவர்கள் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் மெஸ். சமையல் என் வீட்டுக்காரர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பரிமாறுவது நான். டிரைவர், கண்டக்டர், பூட்டுப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள், மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், இவர்கள்தான் சாப்பிட வருவார்கள். எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. இலையைப் பார்த்தே பரிமாறுவேன். சோற்றைப் பிசைகிற கையை வைத்து இன்னார் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.

சந்து முனையில் ஒரு டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தைத் திருச்சியில் விட்டுவிட்டு இங்கே தனியாக இருந்தார். அவருக்கு மத்தியானச் சாப்பாடு எங்கள் கேரியரில் போகும். நான்தான் கொண்டுபோய்க் கம்பவுண்டர் கையில் கொடுப்பேன். அவர் எங்களிடம் பீஸ் வாங்கமாட்டார், நாங்கள் அவரிடம் சாப்பாட்டுக்குக் காசு வாங்கமாட்டோம். இப்படி வைத்துக்கொள்வோம் என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை. தானாக அப்படி ஆகிவிட்டது. எங்கள் சந்தில் அது எங்களுக்கு ஒரு மதிப்பாகவே இருந்தது. டாக்டரே சாப்பிடுகிற கடை என்று சொல்லித்தான் புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பிரஷர் உண்டு. அதற்குப் பல வருடமாக அந்த டாக்டர்தான் மாத்திரை கொடுத்துவந்தார். சாயங்காலமானால் கணுக்கால் வீங்கும். அடுப்படியில் நாள் முழுக்க நிற்கிற கால், வீங்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டோம்.

"உப்பைக் குறைங்க மாஸ்டர்" என்பார் டாக்டர்.

"உப்புப் போடுறவன்ட்டயே உப்பைக் குறைக்கச் சொன்னா எப்புடி சார்?" என்று இவர் சிரிப்பார். டாக்டரும் சிரித்துவிடுவார்.

ஒரு தடவை டாக்டர் இவருடைய சிறுநீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "மதுரையில கிட்னிக்குன்னே ஒரு டாக்டர் இருக்காரு, ஒரு நா காட்டிட்டு வந்தா என்ன?" என்று கேட்டார். இன்றைக்கு மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். "பாப்போம் சார்" என்றார் இவர். அன்று சிறுமலை வாழைப்பூ கிடைத்திருந்தது. டாக்டருக்குப் பிடிக்கும் என்று வடை தட்டிக் கேரியரில் மேல் தட்டு நிறைய வைத்து அனுப்பினேன். மதுரைப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் பங்குனியில் சாம்பாரில் உப்புக் கூடிப்போக ஆரம்பித்தது.

முதலில் சொன்னவர் வத்தலக்குண்டு பஸ் கண்டக்டர். "அக்கா, மாஸ்டரு ராமேஸ்வரம் போயி கடலையே மொண்டுக்கிட்டு வந்துட்டாரு போல" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. எனக்குக் கையில் இருந்த வாளி கனத்தது. இரண்டு நாள் கழித்து ரசம். "ஏண்ணே, வீட்ல சண்டைன்னா அக்கா இலையோட வச்சுக்கங்க. நாங்க என்ன பாவம் பண்ணுனோம்?" என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார் அதே கண்டக்டர்.

இவர் எப்போதும் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துத்தான் இறக்குவார். அன்றும் அப்படித்தான் இறக்கினார். "சரியாத்தான இருக்கு? சப்புன்னுல இருக்கு. இன்னும் ஒரு பிடி போடலாம்" என்றார்.

"உங்க நாக்குல என்ன, வெத்தலைச் சுண்ணாம்பு பட்டுப் புண்ணாகிருச்சா?"

"வாயில இரும்பைப் போட்டுச் சப்புன மாதிரி இருக்கு. அதுக்கும் உப்புக்கும் என்ன?"

அவர் சரியாகச் சாப்பிடாததும் எனக்குத் தெரியும். காலையில் குமட்டுகிறது என்பார். காபியைக் கீழே வைத்துவிடுவார். வெயிலுக்குப் பித்தம் என்று நினைத்துக்கொண்டேன். உப்புதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, ஏனென்றால் அதைத்தான் நாலு பேர் பார்த்துச் சிரித்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பும்போது நான் சாம்பாரை ருசி பார்த்து வெந்நீர் ஊற்ற ஆரம்பித்தேன். ஒரு நாள் பார்த்துவிட்டார். "நீ மாஸ்டரா, நான் மாஸ்டரா?" என்று கேட்டார். அதோடு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நான் வெந்நீர் ஊற்றவில்லை.

அதில் ஒரு நாள் டாக்டரின் கேரியர் சாம்பார் தொடாமல் திரும்பி வந்தது. "ஐயா மோர் ஊத்திச் சாப்ட்டுக்கிட்டாரு" என்றார் கம்பவுண்டர்.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கக் கிளினிக்குப் போனேன். நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் டாக்டரின் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"சாம்பார் உப்புக் கரிச்சிருச்சு சார். தப்பா எடுத்துக்காதீங்க."

"அது கெடக்கட்டும்மா. மாஸ்டர் ருசி பாத்துத்தான இறக்குறாரு?"

"ஆமா சார்."

"அவருக்கு அது கரிப்பாத் தெரியலயா?"

"சப்புன்னு இருக்குங்கிறாரு."

பேனாவைக் கீழே வைத்தார். "காலையில குமட்டுதா? உடம்பைச் சொறியுறாரா? ராத்திரி ஒண்ணுக்குப் போக அடிக்கடி எந்திரிக்கிறாரா?"

எல்லாவற்றுக்கும் ஆமாம்தான். ஆனால் பெஞ்சில் இருக்கிறவர்கள் கேட்க, என் வீட்டுக்காரர் ராத்திரி எழுந்து போவதை இன்னொரு ஆண்பிள்ளையிடம் எப்படி வாய்விட்டுச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன். நாளைக் காலையில் முதலில் போகிற சிறுநீரைப் பிடித்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

எதில் பிடிப்பது? எங்கள் வீட்டில் இருக்கிற பாட்டில் எல்லாம் ஊறுகாய் போட்டது, நெய் வைத்தது. நாலு பேருக்குச் சோறு போடுகிற இடத்தில் இதைப் பிடித்து வைப்பதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. கடைசியில் ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலைத் தேடிக் கழுவிக் கொடுத்தேன். அதைக் கேரியர் கொண்டுபோகிற அதே ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு விடிகாலையில் கிளம்பினேன். வேறு கூடை இல்லை. இவர் நாலடி பின்னால், எனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி வந்தார்.

தெருக் குழாயில் வத்தலக்குண்டு கண்டக்டர் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, விடிஞ்சும் விடியாம டாக்டருக்கு என்ன போகுது, ரசமா?"

"இல்ல. தைலம்" என்றேன்.

அவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "தைலத்துல என்னக்கா இம்புட்டு நுரை?"

நான் முந்தானையை இழுத்துக் கூடையை மூடிக்கொண்டு நடந்தேன். இந்த நிமிஷம் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அந்தக் கூடையில் அப்புறம் நான் கேரியர் வைக்கவே இல்லை.

டாக்டர் அதில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டினார். கொதி வந்ததும் மேலே வெள்ளை வெள்ளையாகத் திரண்டது.

"திரிஞ்சு போச்சே சார்" என்றார் இவர், மெதுவாக. பால் திரிந்தால் அவர் முகம் எப்படிப் போகுமோ அப்படியே போனது.

"ஆமா மாஸ்டர். போன வருஷம் லேசாத்தான் திரிஞ்சுச்சு. இப்பத் தயிரு மாதிரி ஆயிருச்சு."

ரத்தமும் எடுத்தார்கள். சாயங்காலம் ரத்தச் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "கிட்னி வடிகட்டி வெளியேத்த வேண்டிய உப்பு ரத்தத்துல நல்லா ஏறியிருக்கு மாஸ்டர், அதான் நாக்குல ருசி தெரியல. கிட்னி அடிபட்டுக்கிட்டு இருக்கு. மதுரைக்கு எழுதித் தர்றேன்."

இவர் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டினார். போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் 'மதுரைக்கு எழுதிட்டாங்க' என்று சொன்னால் அதற்கு அர்த்தமே வேறு. இங்கே கையை விரித்துவிட்டார்கள், இனி ஆகாது என்று அர்த்தம். என் மாமனாரை அப்படித்தான் எழுதினார்கள். வேனில் போனார், வேனில் திரும்பி வந்தார், உயிர் இல்லை. மதுரைக்கு எழுதிவிட்டார்கள் என்று தெரிந்தால் சொந்தக்காரர்கள் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு முகம் பார்க்க வந்துவிடுவார்கள். அப்படி எழுதப்பட்ட ஒருவர் கையால் சமைத்ததை யார் சாப்பிடுவார்கள் என்ற எண்ணமும் எனக்கு வந்தது. புருஷன் உடம்பை நினைக்க வேண்டிய நேரத்தில் கடையைத்தான் நினைத்தேன்.

"அவரு முன்னாடி அந்த வார்த்தையச் சொல்லிட்டீங்களே சார்" என்றேன்.

"உக்காருங்கம்மா" என்றார் டாக்டர். நான் உட்காரவில்லை. "மதுரைக்கு எழுதுறதுன்னா என்னன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"எங்க மாமனாரும் மதுரைக்குப் போயித்தான சார் பொணமா வந்தாரு" என்றேன்.

"ஊரே அப்படித்தான் நெனைக்குது. நெனைக்க வச்சது நாங்கதான். மூஞ்சி வீங்கி, மூச்சு வாங்கி, ஒண்ணுக்கே நின்னு போனப்பறம் எழுதிக் குடுக்குறது. அப்ப அனுப்புனா அங்க இருக்குறவரு என்னம்மா செய்வாரு? ஒண்ணுக்குல சத்து இறங்குது, ரெண்டு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கல, ஒவ்வொரு தடவை பாக்குறப்பவும் ரத்தத்துல உப்பு ஏறிக்கிட்டே வருதுன்னா அப்பவே காட்டிறணும். ஆளு எந்திரிச்சு நடமாடிக்கிட்டு, அடுப்படியில நின்னு சமைச்சுக்கிட்டு இருக்குறப்பவே காட்டணும். மாஸ்டரைப் போன வருஷமே அனுப்பியிருக்கணும்."

"போன வருஷம் சொன்னீங்கள்ல சார்" என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"அது சொன்னதா?" என்று கேட்டார். பிறகு பெஞ்சில் இருக்கிறவர்களுக்குக் கேட்காத குரலில், "வேற ஒருத்தர்னா கையப் புடிச்சு பஸ்ஸுல ஏத்தியிருப்பேன். தினமும் உங்க சோத்தத் தின்னுக்கிட்டு, மாஸ்டர் மூஞ்சி சுருங்கிருமேன்னு விட்டுட்டேன்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் தலை குனிந்திருந்தது. அவ்வளவு படித்த மனிதர் என் முன்னால் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த வாழைப்பூ வடை ஞாபகம் வந்தது. மேல் தட்டு நிறைய அடுக்கி, ஒன்று மூடிக்கு வெளியே பிதுங்க, நானே அழுத்தி மூடினேன். வாயை அடைக்க வேண்டும் என்று நினைத்து நான் வைக்கவில்லை. ஆனால் அவர் வாய் அடைத்துத்தான் போயிருக்கிறது. காசு வாங்காமல் போட்ட சோறு என்று இத்தனை வருடம் உள்ளுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பெருமைதான் என் முகத்தில் அறைந்தது.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல் கேரியரைக் கொண்டுபோனேன். கம்பவுண்டர் கை நீட்டவில்லை.

"ஐயா வேண்டாம்னுட்டாரு. மாஸ்டரு மதுரைக்குப் போயிக் காட்டிட்டு வந்தப்பறம் கொண்டாரச் சொன்னாரு."

"அப்ப ஐயா சாப்பாடு?"

"எதுத்தாப்புல உள்ள கடையில வாங்கியாரச் சொல்லியிருக்காரு." இதைச் சொல்லும்போது கம்பவுண்டரும் என்னைப் பார்க்கவில்லை.

மூடிய கேரியரை நான் சந்து முழுக்கத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். கனமான கேரியர் ஆடாமல் வரும், காலி கேரியர் ஆடிக்கொண்டு வரும். பஸ் ஸ்டாண்டுக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அன்று சாயங்காலத்துக்குள் பேச்சுப் பரவிவிட்டது.

"டாக்டரே எதுத்த கடைக்கு மாறிட்டாராம்ல?"

"மாறலப்பா. மாஸ்டரை மதுரைக்கு எழுதிட்டாரு, அவரு போக மாட்டேங்கிறாரு."

"திண்டுக்கல்லு தனி மாவட்டம் ஆகியும் கிட்னிக்கு மதுரைக்குத்தான் போகணுமாக்கும்?"

"கலெக்டரு வந்துட்டாருன்னா கிட்னி டாக்டரும் கூடவே வந்துருவாரா? திங்கிற வேலையப் பாரு."

இவர் அடுப்படியில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "திங்காட்டிப் போகட்டும்" என்றார். கேரியரை ஆணியில் மாட்டினார். அது அவர் தாளிக்கிற இடத்துக்கு நேர் எதிரே தொங்கியது.

அதற்கு அடுத்த நாள் நத்தம் பஸ்ஸில் எங்கள் மகள் வந்து இறங்கினாள். அந்த ஊரில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தோம். கண்டக்டர்கள் மூலம் செய்தி போயிருக்கிறது. கையில் ரொட்டிப் பாக்கெட்டும் ஆரஞ்சும். வாசலிலேயே அழுகை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

இவர் கரண்டியோடு வெளியே வந்தார். "ரொட்டி வாங்கியாந்துட்டியாத்தா? அப்படியே வாயில பாலையும் ஊத்திட்டுப் போ" என்றார். அவள் இன்னும் சத்தமாக அழுதாள். நான் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

அன்று மத்தியானம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தார். டாக்டர் விரும்பிச் சாப்பிடுவது. என்னைக் கேட்காமல் ஆணியிலிருந்து கேரியரை எடுத்து, தானே நிரப்பி, தானே தூக்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பினார். கேரியர் ஆடவில்லை.

"என்ன சொன்னாரு?"

"கேரியரை வெளிய வச்சுட்டு நீங்க உள்ள வாங்க மாஸ்டர்னாரு. பிரஷர் பாத்தாரு. அம்புட்டுதான்." கேரியரைத் திறந்து குழம்பை எடுத்து அண்டாவில் ஊற்றினார். "அவரு மேசையில ஒரு பொட்டலம் இருந்துச்சு. எதுத்த கடைச் சோறு. தொட்டுக்க வெஞ்சனம்னு என்னத்தையோ கட்டிக் குடுத்திருக்கான், எண்ணெயா மெதக்குது."

கடைசிப் பந்தி எழுந்து நான் இலை எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சொன்னார்: "நாளைக்குக் கடைய மூடிரு. மதுரைக்குப் போயிட்டு வந்துருவோம். அந்தாளு கண்டதைத் தின்னு வயித்தைக் கெடுத்துக்குவாரு போல."

எனக்காகவோ மகளுக்காகவோ போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது அப்போது வருத்தமாக இருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் பெஞ்சு பெஞ்சாக ஆட்கள். வீங்கின முகங்கள், சின்ன வயதுக்காரர்கள் கூட. எங்கள் முறை வந்தபோது அந்தப் பெரிய டாக்டர் எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் படித்தார். இவருடைய காலை அழுத்திப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

"இன்னும் முன்னாடியே வந்திருக்கணும். உங்க டாக்டர் அனுப்பலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "அவரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு சார். நான்தான் வரமாட்டேன்னு நின்னுட்டேன்."

எங்கள் டாக்டர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னதை நான் இவரிடம் சொல்லவே இல்லை. ஆனாலும் இவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் தரையைப் பார்த்தேன்.

"போனது போனதுதான். ரத்தத்தைச் சுத்தம் பண்ற மிஷின்ல வைக்கிற அளவுக்கு இப்ப வரல" என்றார் பெரிய டாக்டர். "இருக்குறதக் காப்பாத்தலாம். மாத்திரைய மாத்தித் தர்றேன். கால் வலி, தலைவலின்னு கடையில மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. சாப்பாட்டுல உப்பு கண்டிப்பாக் குறையணும். நான் சொல்றப்ப இங்க வாங்க. மத்த நேரம் உங்க ஊரு டாக்டரே பாத்துக்குவாரு."

"சமைக்கலாமா சார்?" என்றுதான் இவர் கேட்டார்.

"தாராளமாச் சமைங்க. உப்பை மட்டும் வேற யாராச்சும் ருசி பாக்கட்டும். உங்க நாக்கை இப்ப நம்ப முடியாது."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெந்நீர் ஊற்றும்போது பிடிபட்ட அன்றைக்குக் கூட எனக்கு அவ்வளவு கூச்சமாக இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னாளப்பட்டி தாண்டும்வரை தூங்கிக்கொண்டே வந்தார். இறங்கினதும் நேராகக் கிளினிக்குப் போனோம். மதுரையில் எழுதிக் கொடுத்ததை டாக்டரிடம் நீட்டினார்.

"சரியான நேரத்துல அனுப்பியிருக்காருன்னு உங்களச் சொன்னாரு சார்" என்றார் இவர்.

டாக்டர் படித்துக்கொண்டிருந்தார். இன்னும் முன்னாடியே வந்திருக்க வேண்டும் என்பதை அதிலும் எழுதியிருப்பார்களோ என்னவோ. முடித்து மடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியா சொன்னாரு?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

நான் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தபோது அவர்கள் இருவரும் கூட வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கடை திறந்தோம். சிலேட்டில் பீட்ரூட் பொரியல், சுரைக்காய்க் கூட்டு என்று எழுதினேன். சாம்பாருக்கு நான் உப்புப் போட்டேன். மத்தியானம் டாக்டருக்குக் கேரியர் போனது.